டொக்டராகப் போகிற தம்பி தங்கைகளுக்கு மட்டக்களப்பிலிருந்து

க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் பிரிவு எடுத்த பிள்ளை இருக்கிற வீடு எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டீ.வி. சத்தம் குறையும். கலியாண வீட்டுக்குக்கூடப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள். வருகிற மாமி "எத்தனையாவது ஷை?", அதாவது எத்தனையாவது தடவை எழுதுகிறது, என்று கேட்டுவிட்டுத்தான் தேத்தண்ணியில் வாய் வைப்பார். மெடிசின் கிடைத்துவிட்டால் போதும், மிச்சமெல்லாம் தன்பாட்டில் நடக்கும் என்ற நினைப்பு எல்லோருக்கும் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்து, இப்போது அம்பாறை மாவட்டத்தில் ஆதார வைத்தியசாலை ஒன்றில் வேலை செய்கிறேன். என் கணக்கில் அந்த நினைப்பு பாதிதான் சரி. உள்ளே வந்த பிறகும் பரீட்சைகள் ஓயாது, அவற்றுக்குப் படிக்கிற விதமும் மாறிவிடும். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வருகிறவர்கள் குறைவாகத்தான் கஷ்டப்படுகிறார்கள்.

முதலில் உயர்தரம். இதைப் பற்றி டியூசன் சேர்மார் வேண்டியமட்டும் சொல்லியிருப்பார்கள், நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிற இசட் புள்ளி எப்படி வருகிறது என்று பல பிள்ளைகள் கடைசிவரை யோசிப்பதில்லை. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (எல்லோருடைய புள்ளிகளும் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்ற அளவால்) வகுக்கிறார்கள். பிறகு மூன்று பாடத்துக்கும் சராசரி பார்க்கிறார்கள். சும்மா ஓர் உதாரணத்துக்கு, இரண்டு பாடங்களிலும் நியம விலகல் 15 என்று வையுங்கள். சராசரி 55 ஆக உள்ள பாடத்தில் 70 எடுத்தால் இசட் 1. சராசரி 40 ஆக உள்ள பாடத்தில் அதே 70 எடுத்தால் இசட் 2. எல்லோரும் பயந்து ஒதுக்குகிற பாடத்தில் நன்றாகச் செய்கிறவருக்கு எவ்வளவு லாபம் என்று பாருங்கள். உயிரியல் பிரிவில் அந்தப் பயந்த பாடம் பெரும்பாலும் பௌதிகவியல்தான். உயிரியலை நான்காம் தடவை மனப்பாடம் செய்கிற நேரத்தில், பௌதிகவியலின் 50 பல்தேர்வு வினாக்களை 2 மணித்தியாலத்துக்குள் முடித்துப் பழகுங்கள். பாஸ் பேப்பரை, அதாவது பழைய வருடத்து வினாத்தாளை, மணிக்கூடு வைத்துச் செய்யுங்கள். புத்தகத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு செய்த பேப்பர் கணக்கில் வராது.

மாவட்ட ஒதுக்கீடு பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நாடு தழுவிய திறமை வரிசைக்கு 40 வீதம், மாவட்டங்களின் சனத்தொகை விகிதத்துக்கு 55 வீதம், கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு 5 வீதம் என்றுதான் இடங்கள் பிரிகின்றன. மட்டக்களப்பும் அம்பாறையும் கடைசி வகையிலும் வருகின்றன. ஆகவே கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியை (அந்த மாவட்டத்தில் இடம் கிடைக்கிற ஆகக்குறைந்த இசட் புள்ளியை) பார்த்துவிட்டு இங்கே மனமுடைய வேண்டாம். வெட்டுப்புள்ளி ஒவ்வொரு வருடமும் ஏறி இறங்கும், போன வருடத்துப் புள்ளியை நம்பிக் கைகட்டி இருக்கவும் வேண்டாம்.

பெறுபேறு வந்ததற்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் நடுவில் நீண்ட இடைவெளி இருக்கும். அந்த மாதங்களை நித்திரையில் கழித்தவர்கள் முதலாம் வருடத்தில் திண்டாடியதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். தமிழில் உயிரியல் படித்து 'ஏ' எடுத்த பிள்ளைக்கு, உடற்கூற்றியல் விரிவுரை முழுக்க ஆங்கிலத்தில் ஓடும்போது முதல் சில கிழமை மூச்சு முட்டும். அது போய்விடும், பயப்பட வேண்டாம். சிங்களம்தான் பெரிய விஷயம். மட்டக்களப்பில் பிள்ளையாரடியில் இருக்கிற எங்கள் பீடத்தில் சிங்களப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பெட்ச்சில் இருப்பார்கள். விடுதியில் சிங்களம் பழகுங்கள். நாளைக்கு அம்பாறையிலோ பொலன்னறுவையிலோ நியமனம் கிடைத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிற ஐயாவிடம் நோ எங்கே, கைக்குப் பரவுகிறதா என்று கேட்க மொழிபெயர்ப்பாளரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. எங்கள் சிங்கள நண்பர்களுக்கும் இதே பாடு இருந்தது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை வாட்டில் ஓர் ஆச்சி "முட்டும் சத்தியும்" (மூச்சு முட்டலும் வாந்தியும்) என்று தொடங்கினால் எங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். கட்டிலடியில் நாங்கள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததற்கு, இரவில் மெஸ்ஸில் அவர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

முதல் இரண்டு வருடமும் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர்இரசாயனவியல். இங்கே உயர்தரத்துப் பழக்கம் கொஞ்சம் உதவும்: தினமும் படி, தேங்கவிடாதே. இதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை.

வாட்டுக்குப் போகத் தொடங்கியதும்தான் கதை மாறும். நல்ல கெட்டிக்காரப் பிள்ளைகள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். காரணம், பாடப்புத்தகத்தில் நோய் தலைப்போடு வரும், வாட்டில் மனுசர் வருவார். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பக்கத்து ஐயா ஒருவர் கால் வீங்கி வந்து படுத்திருக்கிறார் என்று வையுங்கள். "எவ்வளவு காலமாக வருத்தம்?" என்று கேட்டால் மாதக் கணக்கில் சொல்லமாட்டார். "அது மகன், மாரி வெள்ளாமை வெட்டக்குள்ள தொடங்கின. அம்மன்ட சடங்குக்கு முன்னம் கொஞ்சம் வத்தின, பிறகு திரும்பியும் வந்திற்று" என்பார். எங்கள் பக்கம் மாரி வெள்ளாமை வெட்டு தை, மாசியில் நடக்கும், கண்ணகி அம்மன் சடங்கு வைகாசியில் வரும். அதை வைத்துக் கணக்குப் போட்டு, "இத்தனை மாதமாக வீக்கம், இடையில் குறைந்து மீண்டும் கூடியது" என்று பரீட்சகருக்குச் சொல்ல வேண்டியது உங்கள் வேலை. ஊர்க் காலண்டர் தெரிந்த பிள்ளைக்கு இது சும்மா வரும். அந்த வசதி எங்களுக்கு இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

அதே ஐயாவிடம் என்ன மருந்து குடிக்கிறீர்கள் என்று கேட்டால் "பிரஷருக்கும் சீனிக்கும் குடிக்கிறன்" என்பதோடு நிறுத்திவிடுவார். தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிற சொப்பிங் பையை வாங்கிக் கட்டிலில் கொட்டிப் பாருங்கள். கிளினிக் கொப்பி, பழைய மாத்திரை உறைகள், தனியாரிடம் எடுத்த இன்னொரு சீட்டு, நோவுக்குக் கடையில் வாங்கிய வில்லைகள் எல்லாம் அதற்குள் கிடக்கும். சிறுநீரகம் பழுதாகிக் கால் வீங்கிய ஒருவருக்கு, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய அந்தக் கடை நோவு வில்லை எவ்வளவு முக்கியமான துப்பு என்று உங்களுக்கே விளங்கும். பரியாரியிடம் (நாட்டு வைத்தியரிடம்) போனாரா என்றும் கேளுங்கள். முகத்தைச் சுளிக்காமல் கேட்டால்தான் உண்மை வரும். "அதெல்லாம் ஏன் செய்தீங்க?" என்று ஒருமுறை சத்தம் போட்டால், பிறகு அவர் உங்களிடம் எதையுமே சொல்லமாட்டார்.

ஃபைனல் எம்.பி.பி.எஸ்.ஸில் மருத்துவம், சத்திரசிகிச்சை, குழந்தை மருத்துவம், மகப்பேறும் பெண்நோயியலும், உளமருத்துவம் என்று ஐந்து பாடம் வரும். எழுத்துத் தாளுக்குப் புத்தகம் போதும். லோங் கேஸுக்கும் ஷோர்ட் கேஸுக்கும் போதாது. உண்மையான நோயாளியை உங்களிடம் தந்துவிடுவார்கள், நேரம் ஓடும், பிறகு பரீட்சகர்கள் முன்னால் நின்று பேச வேண்டும். எங்கள் பெட்ச்சில் இதில் நன்றாகச் செய்தவர்கள் யார் என்று யோசித்துப் பார்த்தால், நூலகத்தில் அதிக நேரம் இருந்தவர்கள் என்று சொல்லமாட்டேன். பின்னேரம் கிளாஸ் இல்லாத நேரத்திலும் வாட்டுக்குப் போய், ஒரே ஒரு நோயாளியிடம் முழுக்கதையும் கேட்டு, நண்பன் ஒருவனைப் பரீட்சகராக்கி அவனிடம் சொல்லிப் பார்த்தவர்கள்தான். தினமும் ஒரு கேஸ். அன்றிரவு அந்த நோயைப் பற்றி மட்டும் படிப்பு. முகத்தோடு சேர்த்துப் படித்த நோய் மறக்காது.

பாஸானதும் இலங்கை மருத்துவப் பேரவையில் தற்காலிகப் பதிவு. பிறகு ஒரு வருட இன்டர்ன்ஷிப், ஆறு ஆறு மாதமாக இரண்டு பிரிவுகளில். விடியற்காலை இரத்தம் எடுப்பது, கன்சல்டன்ட் ரவுண்ட்ஸுக்கு வருமுன் எல்லோரையும் பார்த்து பி.எச்.டி.யில் (நோயாளியின் கட்டில் பதிவேட்டில்) எழுதி வைப்பது, பிறகு கிளினிக், டிஸ்சார்ஜ், கஷுவல்டி நாளென்றால் விடிய விடிய அட்மிஷன். சாப்பாட்டுப் பார்சல் ஆறிப் போய்க் கிடக்கும். வீட்டில் அம்மா போன் எடுத்து "என்ன மனே, சாப்பிட்டியா?" என்று கேட்டால் "ஓம்" என்று பொய் சொல்லப் பழகிவிடுவீர்கள்.

மழைக்காலத்து டெங்கு வாட் ஒன்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள், மருத்துவ வேலை என்றால் என்ன என்று பிடிபடும். காய்ச்சல் இறங்குகிற நேரத்தில் வீட்டார் சந்தோஷப்படுவார்கள். எங்களுக்கு அப்போதுதான் பயம் தொடங்கும். பிளேட்லெட் 1 இலட்சத்துக்குக் கீழே போய், இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கினால் அடுத்த 24 முதல் 48 மணித்தியாலம் நெருக்கடியான நேரம். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அந்த முழு நேரத்துக்கும் வாயாலும் சேலைனாலும் சேர்த்து 4600 மில்லிலீற்றர்தான் கணக்கு. குறைந்தால் ஷொக் (இரத்த ஓட்டம் போதாமல் உடல் தளர்வது), கூடினால் நுரையீரலைச் சுற்றி நீர் தேங்கி மூச்சுக் கஷ்டம். மணிக்கு மணி சலம் (சிறுநீர்) அளக்க வேண்டும். அவருக்கு மணித்தியாலத்துக்கு 25 முதல் 50 மில்லிலீற்றர் வந்தால் நல்லது. அதற்குமேல் வந்தால் "நல்லாப் போகுதே" என்று மகிழக்கூடாது, சேலைன் கூடிவிட்டது என்று பொருள். பி.சி.வி. (இரத்தத்தில் சிவப்பணுக்களின் வீதம்) ஏறுகிறதா என்று பார்த்துப் பார்த்துத் துளி கூட்டிக் குறைக்க வேண்டும். பெரிய சத்திரசிகிச்சையோ விலை கூடிய மருந்தோ இதில் இல்லை. இரவு 3 மணிக்கு எழும்பிப் போய் ஒரு ஜாரில் இருக்கிற அளவைப் பார்த்து எழுதுகிற ஆள்தான் உயிரைக் காப்பாற்றுகிறார், பல நேரங்களில் அந்த ஆள் ஒரு நேர்ஸ் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நேர்ஸ்மாரோடு மரியாதையாக இருங்கள். உங்களைவிடக் கனக்க டெங்கு பார்த்தவர்கள் அவர்கள்.

வெள்ளாமைக் காலத்தில் பாம்புக்கடி வரும். சிலர் அடித்த பாம்பை உரப்பைக்குள் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். கண்ணாடி விரியன் கடித்தால் இரத்தம் உறையாமல் போகலாம். அதைப் பார்க்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. காய்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து, ஒருமுறை சரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். குழாயைச் சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவியிருந்தால் முடிவு பிழைக்கும் என்பது புத்தகத்தில் ஒரு வரி. சின்ன வைத்தியசாலையில் அந்த ஒரு வரிதான் முழு வித்தியாசமும். விஷமுறிவு மருந்தே ஒவ்வாமையைக் கிளப்பலாம் என்பதால், அதை ஏற்றுமுன் அட்ரினலின் ஊசியை எடுத்துக் கைக்கெட்டிய இடத்தில் வைப்போம். காய்ச்சலோடு கண் சிவந்து, கெண்டைக்கால் உளைந்து வருகிறவரிடம் முதல் கேள்வி "வயலுக்குள்ள இறங்கினீங்களா?" என்பதுதான். எலிக்காய்ச்சலை எங்கள் ஊர்களில் இப்படித்தான் பிடிக்கிறோம்.

சனம் கோபப்படும், அதற்கும் தயாராக இருங்கள். நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில், ஸ்கேன் எடுக்க நோயாளியை வேறு வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டியிருந்தபோதெல்லாம் அம்புலன்ஸ் வரும்வரை ஏச்சு வாங்குவது டியூட்டி டொக்டர்தான். வாகனத்தை ஒழுங்கு செய்யும் பொறுப்பு யாருடையது என்று சனத்துக்குத் தெரியாது, சொல்லிப் பிரயோசனமும் இல்லை. என்ன நடக்கிறது, ஏன் தாமதம் என்பதை அரை மணித்தியாலத்துக்கு ஒருதடவை போய்ச் சொன்னால் பாதிக் கோபம் அடங்கும்.

இன்டர்ன்ஷிப் முடிந்து வருகிற முதல் நியமனம் தூரமாக விழலாம். ஒரு வருடமாவது அங்கே மனதை வைத்து வேலை செய்யுங்கள். விசேட நிபுணராக விரும்பினால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவக் கற்கை நிறுவனம் நடத்துகிற தெரிவுப் பரீட்சை இருக்கிறது. வேலை செய்துகொண்டே படிக்க வேண்டும். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு என் நண்பர்கள் பலர் வெளிநாட்டுப் பரீட்சை எழுதிப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக் கடன் அவரவருக்குத்தான் தெரியும்.

மூன்று ஷையும் முடிந்து மெடிசின் கிடைக்காதவர்களும் இதை வாசிப்பீர்கள். வெளிநாட்டில் படிக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: காசு கட்டுமுன் அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவப் பேரவை ஏற்றுக்கொள்கிறதா என்று பேரவையிடமே கேளுங்கள், முகவரின் வாயை நம்ப வேண்டாம். திரும்பி வந்து, இங்கே வைத்தியராகப் பதிவு பெறுவதற்கான ஈ.ஆர்.பி.எம். பரீட்சையும் எழுத வேண்டும். வீட்டுக் காணியை ஈடு வைக்கிற அளவுக்குப் போகத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். எங்கள் பீடத்திலேயே தாதியர் பட்டப்படிப்பு இருக்கிறது, திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் இருக்கிறது. விண்ணப்பம் நிரப்பும்போது தெரிவு வரிசையில் இவற்றையும் யோசித்து, அவசரப்படாமல், வீட்டாரோடு பேசிப் போடுங்கள்.