வெளியே வருவதும் போவதும்

மார்ச் 3, திங்கள்

தண்டுவடம் அடிபட்டு எங்கள் வார்டில் இருந்து, டிஸ்சார்ஜ் ஆகி ஆறு மாதம் முடிந்தவர்களை இன்றிலிருந்து போனில் விசாரிக்கிறேன். முதல் ஆள் எலெக்ட்ரீஷியன் அண்ணன். ஏணியிலிருந்து விழுந்து டி10 மட்டத்தில், அதாவது நடுமுதுகின் பத்தாவது எலும்பு மட்டத்தில், தண்டுவடம் அடிபட்டவர். தொப்புளுக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. தண்டுவடம் அடிபட்டவர் அன்றாட வேலைகளை எவ்வளவு தானே செய்கிறார் என்று அளக்கும் ஸ்கிம் (SCIM) அளவுகோலில், வார்டை விட்டுக் கிளம்பும்போது 100க்கு 66. கட்டிலிலிருந்து வீல்சேருக்குத் தானே மாறுவார், தானே குளிப்பார். நாங்கள் கைதட்டித்தான் அனுப்பினோம்.

ஆனால் தானே என்ன செய்ய முடியும் என்பதோடு ஸ்கிம் நின்றுவிடும். வீட்டுக்குப் போனபின் எப்படி வாழ்கிறார் என்று பார்க்க சார்ட் (CHART) வேண்டும். 1992-இல் வந்த கேள்வித்தாள் அது. ஒவ்வொரு பிரிவுக்கும் 100 மதிப்பெண்.

"வாரத்துல எத்தனை நாள் வீட்டை விட்டு வெளியே வர்றீங்க அண்ணா?"

"தினமும்தான் மேடம்."

ஏழு என்று எழுதினேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை.

மார்ச் 4, செவ்வாய்

ஏழு உறுத்திக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டேன். "எங்கே போறீங்க?"

"வாசல் வரைக்கும். நாற்காலியைப் போட்டுட்டு ரோட்டைப் பார்த்துக்கிட்டு இருப்பேன்."

சார்ட்டின் ஆங்கில மூலத்தை எடுத்துப் பார்த்தேன். வெளியே கிளம்பி எங்காவது போகிறீர்களா என்பதுதான் கேள்வி. தமிழில் எழுதியபோது 'எங்காவது போகிறீர்களா' என்பதை விட்டுவிட்டிருக்கிறேன். எழுதியது நான்தான், வேறு யாரையும் திட்ட வழியில்லை. சரியாகக் கேட்டதும் ஏழு, ஒன்றாகிவிட்டது. இதே தாளை வைத்து இதற்குமுன் எத்தனை பேரைக் கேட்டிருப்பேன்? எல்லாரையும் திரும்பக் கூப்பிட வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

ஏன் ஒரே நாள்? நான் படிக்கட்டு, ரோடு, வண்டி என்று நினைத்திருந்தேன். அவர் சொன்னது வேறு. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர் என்ற மெல்லிய குழாயைப் போட்டுச் சிறுநீரை எடுக்க வேண்டும். வீல்சேர் நுழையும் கழிப்பறை வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. "போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. நடுவுல ஒரு மணி நேரத்துல என்னத்தைப் பேசுறது?"

தானே கதீட்டர் போடுகிறார், இடையில் கசிவில்லை என்று ஸ்கிம்மில் அந்தக் கேள்விக்கு 15க்கு 11 கொடுத்தது நான்தான். அவரைக் கட்டிப்போட்ட கயிறும் அதேதான். இரண்டு தாள்களிலும் அந்தக் கயிறு இல்லை.

மார்ச் 12, புதன்

இன்று சிரித்துவிட்டேன். முன்பின் தெரியாதவர்களிடம் போன மாதம் எத்தனை பேரிடம் நீங்களாகப் பேச்சுக் கொடுத்தீர்கள் என்று ஒரு கேள்வி உண்டு. சார்ட்டின் சமூக உறவுப் பிரிவில் வருவது.

"ஒரு தடவை வெளியே போனாலே நாலு பேர் மேடம். 'கொஞ்சம் தூக்கி விடுங்க'ன்னு கேட்டாத்தானே படி ஏற முடியும்?"

விவரம் கேட்பதையே கேள்வித்தாளில் உதாரணமாகக் கொடுத்திருப்பதால் இதையும் சேர்த்துத்தான் ஆக வேண்டும். ஆக, சாய்தளம் இல்லாத கட்டடம் அவருடைய சமூக உறவு மதிப்பெண்ணை ஏற்றிவிடுகிறது! நல்ல சாய்தளம் கட்டினால் இறங்கிவிடும்.

மார்ச் 13, வியாழன்

கழுத்தில் அடிபட்ட ஒரு அம்மா. கைவிரல் வேலை செய்யாது, நாள் முழுக்க ஆள் உதவி. சார்ட்டில் உடல் சார்பின்மை ரொம்பக் கீழே. ஆனால் இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பிவிட்டதாக அவரே உணர்கிறாரா என்று கேட்கும், 1988-இல் வந்த ஆர்என்எல் (RNL) அட்டவணையின் 11 வாக்கியங்களில் ஒன்பதுக்கு 'ஆமாம்' என்றார். பவர் வீல்சேரில் நினைத்த இடத்துக்குப் போகிறார்; ஆர்என்எல்லில் வீல்சேரில் போனாலும் போனதுதான். எலெக்ட்ரீஷியன் அண்ணன் சொன்ன ஆமாம் மூன்று. ஒரே அளவுகோலை வைத்திருந்தால் இருவரையும் தப்பாகவே புரிந்துகொண்டிருப்பேன்.

மார்ச் 20, வியாழன்

அண்ணனிடம் சார்ட்டில் பாக்கி இருந்த ஒரு கேள்வி: ஓர் ஆண்டில் எத்தனை இரவு வீட்டுக்கு வெளியே தங்கினீர்கள்?

"ஆஸ்பத்திரி கணக்குல வருமா?"

"வராது அண்ணா."

"அப்ப பூஜ்யம்னு போட்டுக்குங்க."

சாயந்திரம் அவரே கூப்பிட்டார். தங்கச்சி வீட்டுக் குளியலறைக் கதவைத் திறந்து வைத்து அளக்கச் சொல்லியிருக்கிறார். 24 அங்குலம். அவருடைய வீல்சேர் 25. கதவைக் கீலோடு கழற்றிவிட்டால் ஒன்றரை அங்குலம் கிடைக்கலாம், ஒரு ராத்திரிக்குத் திரை போதாதா என்றேன்.

"மச்சான்கிட்ட கேட்டுப் பார்க்குறேன். ஸ்க்ரூடிரைவர் நானே கொண்டு போறேன்."