மொத்த ஜிபிஏ காப்பாற்றவில்லை

யாழ்ப்பாணத்தில் உயர் டிப்ளோமா முடித்துவிட்டு, கனடாவில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்று இருக்கிற பிள்ளைகள் இதை வாசியுங்கோ. எனக்கு ஒன்ராறியோவில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் இங்கே படித்த பாடங்களுக்கு அங்கே கணக்கில் எடுப்பார்கள் என்று நம்பியிருந்த கிரெடிட்டுகளில் ஒரு பகுதி ஏறவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இங்கே மொத்த ஜிபிஏ, அதாவது எல்லாப் பாடங்களினதும் சராசரித் தரப்புள்ளி, 2.0 இருந்தால், ஒன்றிரண்டு சி மைனஸ் கிடந்தாலும் டிப்ளோமா தந்துவிடுவார்கள். அங்கே அது செல்லாது. ஜிபிஏயை வைத்து இடம் தருகிறார்கள். கிரெடிட்டுக்கு ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் சி அல்லது அதற்கு மேல் வேண்டும். 'கணிதம் ஒன்று' என்ற பாடத்தில் எனக்கு சி மைனஸ். அதோடு போனது அந்த ஒரு பாடம் மட்டுமில்லை. அது இல்லாமல் கணிதம் இரண்டு எடுக்க விடமாட்டார்கள், அது இல்லாமல் அல்கோரிதம் கிடையாது. பேருக்குத்தான் இரண்டாம் ஆண்டு.

இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ரிப்பீட், அதாவது அதே பரீட்சையைத் திரும்ப, எழுதினால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சி தரத்துக்கு மேல் போடமாட்டார்கள் என்று பலர் எழுதாமல் விடுகிறார்கள். கிரெடிட் மாற்ற அந்த சியே போதும்! டிப்ளோமா கையில் வந்த பிறகு பொதுவாக அந்த வழியும் அடைபட்டுவிடும்.

சி எடுத்த பாடங்களும் முதலில் ஏறாமல் நின்றன. காரணம் கடதாசி. என் ட்ரான்ஸ்கிரிப்டில் தர அளவுகோல் அச்சிடப்படவில்லை. சி என்றால் எத்தனை புள்ளி, அது முழுச் சித்தியா என்று அங்கிருந்து கேட்டார்கள். கடிதம் கேட்டு அலுவலகத்துக்குப் போனால், "பிள்ளை, அது இஞ்ச இல்லை, பரீட்சைப் பகுதியில கேளுங்கோ." பரீட்சைப் பகுதியில், "பதிவாளர் கையெழுத்து வைக்க வேணும், அவர் கொழும்புக்குப் போட்டார்." சாவகச்சேரியிலிருந்து பஸ் ஏறி வந்த எனக்கு அதை ஒரு ஃபோன் கோலில் சொல்லியிருக்கலாம். பிறகு தந்த கடித உறையிலும் ஒட்டிய இடத்தில் சீல் இல்லை. சீல் இல்லாத உறையைத் திறந்த உறையாகத்தான் எடுப்பார்கள். கவுண்டரை விட்டு விலகுமுன் திருப்பிப் பாருங்கோ.

கடைசியில் என்ன எழுத வேண்டும் என்று நானே தட்டச்சு செய்து கொண்டுபோனேன்: ஒவ்வொரு தரத்துக்கும் உரிய புள்ளி வீச்சு, சி தரத்துக்கு 2.0, இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலக் கற்றல். அதைத் தலைத்தாளில் எடுத்துக் கையெழுத்து வைத்துத் தந்தார்கள். நான் படித்த ஆண்டின் பாடத்திட்டத்தையும், புத்தகப் பட்டியல், விரிவுரை மணித்தியாலங்களோடு சேர்த்து அனுப்பினேன். புதிய பாடத்திட்டத்தை நீட்டுவார்கள், வாங்காதேங்கோ. சி பாடங்கள் எல்லாம் ஏறிவிட்டன. அந்த மின்னஞ்சலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

சி மைனஸுக்கு மேன்முறையீடு செய்தும் அசையவில்லை. ஏறிய பாடங்களின் தரம் அங்கத்தைய ஜிபிஏயில் சேராது, கிரெடிட் மட்டும்தான் பதிவாகும். என் ஏ பாடங்களுக்கும் அதே கதிதான், அது மனவருத்தம். ஆனால் பழைய சிகள் அங்கே என்னை இழுக்காது. கணிதம் ஒன்றைச் செப்டெம்பரில் திரும்ப எடுக்கிறேன்.