உராய்வில் தோற்றதும் உராய்வால் மீண்டதும்

நீட் முடிவு வந்து நான்கு நாட்கள் ஆகின்றன. இயற்பியலில் 180க்கு 104 எடுத்திருக்கிறேன். சென்ற ஆண்டு எடுத்தது 38. இடம் கிடைக்குமா என்பது கலந்தாய்வில்தான் தெரியும். அரசுப் பள்ளியில் படித்ததால் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டை நம்பியிருக்கிறேன். உயிரியலுக்கும் வேதியியலுக்கும் வழி சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது இயக்க விதிகள் பாடத்தைப் பற்றி, அதிலும் உராய்வைப் பற்றி மட்டும். அந்தப் பத்துப் பக்கம் புரிந்த பிறகுதான் எனக்கு மற்ற பாடங்களும் திறந்தன.

முதலில் அந்த 38 எப்படி வந்தது என்று பாருங்கள். சரி 16, தவறு 26, விட்டது 3. தெரியாமல் தவறியவை குறைவு. தெரியும் என்று நினைத்துத் தவறியவைதான் அதிகம். இந்த ஆண்டு சரி 29, தவறு 12, விட்டது 4.

முதல் முறை கோவையில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்திருந்தேன். உராய்வுக்கு அங்கே ஒதுக்கிய நேரம் ஒன்றரை மணி. பலகையில் ஒரே வரி: உராய்வு விசை என்பது மியூ பெருக்கல் செங்குத்து விசை. மியூ என்பது உராய்வுக் குணகம்; செங்குத்து விசை என்பது பரப்பு தன் மேலுள்ள பொருளைத் தனக்குச் செங்குத்தாகத் தள்ளும் விசை. "இதை வைத்துக்கொண்டால் இரண்டு கேள்வி உறுதி" என்றார்கள். தேயிலைக்கு விலை விழுந்திருந்த மாதங்களில் அப்பா கடன் வாங்கிக் கட்டிய பணம் அது. இன்றும் அந்தப் பலகை நினைவுக்கு வந்தால் எனக்குக் கோபம் ஆறுவதில்லை.

ஏனென்றால் அந்த வரி பாதிதான் உண்மை. இந்தக் கணக்கைப் போடுங்கள். தரையில் 10 கிலோகிராம் பெட்டி. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5, இயக்க உராய்வுக் குணகம் 0.4, புவியீர்ப்பு முடுக்கம் 10. பெட்டியைக் கிடையாக 30 நியூட்டன் விசையுடன் தள்ளுகிறோம். உராய்வு விசை எவ்வளவு? நான் அன்று கண்ணை மூடிக்கொண்டு 50 என்று எழுதியிருப்பேன். கொஞ்சம் கவனமானவர்கள் 40 என்பார்கள். விடை 30. ஓய்வுநிலை உராய்வு கேட்ட அளவுக்குத்தான் கொடுக்கும். 50 என்பது அதன் எல்லை, அதாவது 0.5 பெருக்கல் பெட்டியின் எடையான 100 நியூட்டன். நாம் 30 தள்ளினால் அது 30 எதிர்க்கும், 45 தள்ளினால் 45. எல்லை கடந்து பெட்டி நகர்ந்த பிறகே 40 என்ற எண்ணுக்கு வேலை வருகிறது. தள்ளவே இல்லையென்றால் உராய்வு சுழியம்.

ஆகவே உராய்வு என்ற சொல்லைக் கண்டதும் முதல் கேள்வி, பொருள் நகர்கிறதா இல்லையா என்பதுதான். மியூவைத் தொடுவதற்கு முன் இதைக் கேளுங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

எனக்கு இது புரிந்தது வகுப்பில் இல்லை, கோத்தகிரிப் பக்கம் ஒரு மண் பாதையில். அப்பா பிக்கப் வண்டியில் பச்சைத் தேயிலை ஏற்றித் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகிறார். முதல் தேர்வு முடிவு வந்த பின் நான் யாரிடமும் பேசாமல் இருந்த ஜூன் மாதம். சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. இலையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது மேட்டில் வண்டி நின்றுவிட்டது. பின்சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தபடி ஒரே இடத்தில் சுற்றின. காலையில் மூட்டைகளோடு அதே மேட்டில் தடையில்லாமல் ஏறிய வண்டி, காலியாக ஏற மறுத்தது.

அப்பா என்னையும் தம்பியையும் பின்னால் ஏறி, பின்சக்கரத்துக்கு நேர் மேலே நிற்கச் சொன்னார். பிறகு ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல், மெல்ல, மிக மெல்ல கிளட்சை விட்டார். சக்கரம் ஒரு சாண் உருண்டது, பிறகு ஒரு முழம். வண்டி மேலே ஏறிவிட்டது.

அன்றிரவு நோட்டில் வரைந்து பார்த்தேன். வண்டியை இழுப்பது பின்சக்கரம். எஞ்சின் எடையோ முன்னால். காலி வண்டியில் பின்சக்கரத்தின் மேல் எடை குறைவு, அதனால் செங்குத்து விசை குறைவு, உராய்வின் எல்லையும் குறைவு. மூட்டை ஏற்றினால் மொத்த எடையும் கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் கூடும் எடையில் பெரும்பங்கு பின்சக்கரத்தின் மேல் விழுகிறது, பிடிமானம் அதைவிட வேகமாகக் கூடுகிறது. அடுத்தது ஆக்ஸிலேட்டர். சக்கரம் வழுக்காமல் உருளும்போது தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் நகர்வதில்லை, அங்கே இருப்பது ஓய்வுநிலை உராய்வு. சுழன்று வழுக்கத் தொடங்கினால் அது இயக்க உராய்வாகக் குறைந்துவிடும். அப்பா எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். இந்த இரண்டு சொற்களையும் அவர் கேட்டதில்லை, இரண்டையும் கையிலும் காலிலும் வைத்திருந்தார்.

இன்னொன்றும் அந்தப் படத்தில்தான் தெளிந்தது. ஏறும் வண்டியில் பின்சக்கரத்தின் மேல் உராய்வு எந்தத் திசையில்? முன்னோக்கி, அதாவது வண்டி போகும் திசையிலேயே. உராய்வு இயக்கத்தை எதிர்க்கும் என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே அம்புக்குறியைத் திருப்பிப் போடுவார்கள். உராய்வு எதிர்ப்பது, தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பரப்புகளுக்கு இடையிலான வழுக்கலை. நடக்கும்போது பாதம் தரையைப் பின்னுக்குத் தள்ளுகிறது, தரை நம்மை முன்னுக்குத் தள்ளுகிறது. லாரியில் நிற்கும் கேரட் மூட்டையை லாரியோடு முன்னே கொண்டுபோவதும் உராய்வுதான். குணகம் 0.4 என்றால் மூட்டை வழுக்காமல் லாரி எடுக்கக்கூடிய உச்ச முடுக்கம் 4. மூட்டையின் நிறை தேவையே இல்லை.

அதன்பின் பார்க்கும் இடமெல்லாம் கணக்கானது. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

கொண்டை ஊசி வளைவு. சாய்வு இல்லாத வளைவில் உச்ச வேகம் என்பது குணகம், ஆரம், புவியீர்ப்பு முடுக்கம் மூன்றின் பெருக்கலுக்கு வர்க்கமூலம். ஆரம் 10 மீட்டர், காய்ந்த சாலையில் குணகம் 0.8 என்று வைத்தால் மணிக்கு 32 கிலோமீட்டர் வரும். மழையில் குணகம் 0.4 ஆனால் 23 கிலோமீட்டர். குணகம் பாதியானால் வேகமும் பாதியாகும் என்று அவசரத்தில் குறிப்பவர்கள் நிறையப் பேர். வர்க்கமூலத்தை மறக்காதீர்கள். பிரேக் போட்டு நிற்கும் தூரத்தில் வர்க்கமூலம் இல்லை, அங்கே குணகம் பாதியானால் தூரம் அப்படியே இரட்டிப்பாகும்.

மலையிறங்கும் பஸ். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ 1,400 மீட்டர் இறக்கம். 10 டன் பஸ் என்றால் இழக்கும் நிலை ஆற்றல் 14 கோடி ஜூல். 20 டிகிரியில் இருக்கும் 400 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. அத்தனையையும் பிரேக்கின் உராய்வே தாங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலை ஓட்டுநர்கள் சொல்வது இதற்காகத்தான். வேலையின் பெரும்பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்தபடி இந்தக் கணக்கைப் போட்ட நாளிலிருந்து வேலை, ஆற்றல் பாடமும் எனக்குச் சொந்தமாகிவிட்டது.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது, மலை ரயில். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் 12.28 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். கோணம் ஐந்து டிகிரிகூட இல்லை. சாய்தளக் கணக்கில் ஐந்து டிகிரியில் எதுவும் வழுக்காதே, பிறகு எதற்கு நடுவில் பற்கள் வைத்த தண்டவாளம்? ஒரு வாரம் இதைத் தலையில் சுமந்தேன். விடை எளிது. எஞ்சின் தன்னை மட்டும் ஏற்றவில்லை, பெட்டிகளையும் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. கணக்குக்காக எஞ்சின் 50 டன், பெட்டிகள் 100 டன் என்போம். 150 டன்னைச் சரிவில் ஏற்றத் தேவையான விசை சுமார் 12 டன் எடைக்குச் சமம். உராய்வை உண்டாக்குவதோ எஞ்சினின் 50 டன் மட்டும். ஆகத் தேவைப்படும் குணகம் 0.24. மூடுபனியும் சருகும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த இரும்பின் மேல் அந்த எண்ணை நம்பி ரயில் விட முடியாது. பல்லும் பல்லும் கவ்விக்கொண்டால் மியூ வரையறுக்கும் எல்லை அங்கே செல்லாது. 1899இல் குன்னூர் வரை ரயில் ஏறியது இப்படித்தான்.

இனி நான் படித்த முறை. எனக்குக் காணொளி ஒத்துவரவில்லை, கேட்டால் மறந்துவிடும், வரைந்தால் நிற்கும். வேறு மனப்போக்கு உள்ளவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

பதினொன்றாம் வகுப்புத் தமிழ்வழி இயற்பியல் புத்தகத்தில் தனித்த பொருளின் விசைப்படம், அதாவது ஒரு பொருளின் மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறிகளாகக் காட்டும் படம், வரும் பகுதியை மூன்று முறை படியுங்கள்.

ஒரு நாளைக்கு ஐந்து விசைப்படம், அறுபது நாட்கள். விடை காண வேண்டாம், அம்புக்குறி போட்டால் போதும்.

சாய்தளத்தில் செங்குத்து விசை எடைக்குச் சமம் என்று கை தானாக எழுதும். அதைச் சிவப்பு மையால் அடியுங்கள்.

தள்ளுவது, இழுப்பது வேறுபாட்டைச் சூத்திரமாகப் படிக்காதீர்கள். சாய்வாகத் தள்ளினால் செங்குத்து விசை கூடும், இழுத்தால் குறையும், அவ்வளவுதான்.

சாய்தளத்தின் கோணம் சறுக்குக் கோணத்தைவிட (பொருள் தானாக வழுக்கத் தொடங்கும் கோணம்) குறைவா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

தேர்வறையில் படம் வரைய நேரம் இருக்காது என்பார்கள். 180 நிமிடத்தில் 180 கேள்வி என்பது எனக்கும் தெரியும். படம் வரைய எனக்குப் பன்னிரண்டு வினாடி ஆகிறது, தம்பி கடிகாரம் வைத்து அளந்தான். படம் வராத கேள்வியை விட்டுவிட்டேன். அந்த நான்கும் அப்படி விட்டவையே.

என் விசைப்பட நோட்டு இப்போது பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இருக்கிறது, அடுத்த ஆண்டு எழுதப்போகிறாள். சுவரில் சாய்ந்த ஏணிக் கணக்கில் மட்டும் தரையின் உராய்வைத் தவறான பக்கம் வரைந்திருக்கிறேன். பார்த்துத் திருத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.