பேன் பார்ப்பது போல

எங்கள் கொட்டகையில் முதல் சண்டை நடந்த இரவு எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. காலையில் தீவனம் வைக்கப் போனபோது கம்பித் தரையில் கொத்துக் கொத்தாகச் சாம்பல் நிற ரோமம் கிடந்தது. நான்கு ஆண் முயல்களும் ஆளுக்கொரு மூலையில் அசையாமல் உட்கார்ந்திருந்தன.

நான்கும் ஒரே ஈற்றில் பிறந்த சோவியத் சின்சில்லா என்ற இனம். தாய் முயல், கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இருக்கும் மத்திய செம்மறியாடு ஆராய்ச்சி மையத்திலிருந்து வாங்கி வந்தது. ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் தோட்டம். அண்ணன் தம்பிகள்தானே, குட்டியிலிருந்து ஒன்றாக வளர்ந்தவை, சேர்ந்தே இருக்கட்டும் என்று நான்கு மாதம் தாண்டியும் ஒரே கூண்டில் விட்டிருந்தேன். புதுக் கூண்டு அடிக்கும் செலவைத் தள்ளிப்போட்டதும் ஒரு காரணம். மூன்று மாதம் ஆகும்போதே ஆண்களைத் தனித்தனியாகப் பிரித்திருக்க வேண்டும். பருவம் வந்த ஆண் முயல்கள் கழுத்தைக் கடிப்பதோடு நிற்பதில்லை, எதிரியின் விரையைக் குறிவைத்துக் கடிக்கும். அன்று ஒன்றுக்கு விதைப்பை கிழிந்திருந்தது. கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தையல் போட்டார்கள், பிழைத்தது. ஆனால் இனி அது இனவிருத்திக்கு ஆகாது.

மற்ற மூன்றையும் அன்றே பிரித்தேன். எங்காவது ரத்தம் தெரிகிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். தெரியவில்லை. சரி, தப்பித்துவிட்டன என்று விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து அவற்றில் ஒன்று அடர்தீவனத்தில் பாதியை மிச்சம் வைத்தது. பசுந்தீவனமான வேலிமசாலை மட்டும் கொஞ்சம் கொறித்தது. உடம்பைக் குறுக்கிக்கொண்டு கண்ணைப் பாதி மூடியபடி இருந்தது. கிட்டே போனால் பல்லை நறநறவென்று கடிப்பது கேட்டது. புழுக்கையும் சிறுத்திருந்தது. ஏப்ரல் மாதம், வெயில் தாங்கவில்லை போல என்று நினைத்து ஈரச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டேன். அம்மாதான் அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சின்ன வயதில் எங்களுக்குப் பேன் பார்த்த மாதிரியே ரோமத்தை வகிடு பிரித்துக்கொண்டே போனார். இடுப்புக்குச் சற்று மேலே விரல் நின்றது. "இங்க தொட்டுப் பாருடா, நெல்லிக்காயாட்டம் இருக்கு."

கடித்த துளை சின்னது. அது ஓரிரு நாளில் மேலே மூடிக்கொள்ள, பல்லோடு உள்ளே போன கிருமி தோலுக்கடியில் சீழ் கட்டிவிட்டது. முயலின் சீழ் கட்டித்தயிர் போல இருக்கும். லேசில் உடைந்து வடியாது, பிதுக்கினால் உள்ளேயே பரவும். டாக்டர் கட்டியைக் கிழித்து, சீழை வழித்தெடுத்து, அதன் உறையையும் முடிந்தவரை அகற்றினார். புண்ணைத் தைக்கவில்லை. அடியிலிருந்து ஆறி வரவேண்டும் என்று திறந்தே விட்டார். வீட்டில் இருக்கும் அமாக்சிசிலின் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா என்று கேட்டேன். "தம்பி, அதை மட்டும் செஞ்சிடாதீங்க" என்றார். அந்த வகை மருந்து வாய்வழியாகப் போனால் முயலின் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் செத்துக் கெட்ட கிருமி பெருகும், கழிச்சலிலேயே உயிர் போய்விடும் என்று விளக்கினார். என்ரோபிளாக்சசின் ஊசிதான் போட்டார்.

அடுத்த மூன்று வாரம் பாடுதான். காலையும் மாலையும் நீர் கலந்த பொவிடோன் அயோடினால் புண்ணைக் கழுவினேன். கூண்டைச் சுற்றிக் கொசுவலை கட்டினேன். திறந்த புண்ணில் ஈ உட்கார்ந்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். தீனி எடுக்கிறதா என்று இரவிலும் எழுந்து பார்த்தேன். அரை நாள் பட்டினி கிடந்தாலே முயலுக்குக் குடல் ஓட்டம் நின்றுபோகும் அபாயம் உண்டு.

இது நடந்த பிறகுதான் எங்கள் ஒயிட் ஜெயண்ட் என்ற இனப் பெட்டை முயல் ஒன்றின் ஞாபகம் வந்தது. கையை நீட்டினால் உறுமும், முன்னங்காலால் அடிக்கும். ஆண் கூண்டில் விட்டால் அதையும் கடிக்கும். கோபக்காரி என்றே பெயர் வைத்து, கறிக்குக் கொடுத்துவிடலாம் என்று பேசி வைத்திருந்தோம். ஒருநாள் அம்மாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அதன் பின்னங்கால்களைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பாதத்திலும் ரோமம் தேய்ந்து, தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. கனத்த உடம்பு, கம்பித் தரை. ஆண் முயல் மேலே ஏறினால் அந்தப் பாரமும் அந்தப் புண்ணில்தான் விழும். எத்தனை நாள் வலியோடு இருந்ததோ, நாங்கள் குணம் சரியில்லை என்று பேசிக்கொண்டிருந்தோம். பாதி கூண்டுக்கு மரப்பலகை போட்டு, உலர்ந்த வைக்கோல் பரப்பி, மருந்து தடவி வந்தோம். ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. உறுமல் நின்றது. பிறகு குட்டியும் போட்டது.

எல்லாக் கோபமும் வலியால் வருவதில்லை என்பதும் உண்மை. பெட்டை தன் கூண்டைத் தன் இடமாகவே நினைக்கும். அதனால் பெட்டையைத்தான் ஆண் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும், ஆணை அங்கே விடக்கூடாது. கொண்டுபோவதற்கு முன் பெட்டையின் பிறப்புறுப்பைப் பார்ப்பேன். வெளிறி இருந்தால் அன்று விடுவதில்லை, சண்டைதான் வரும். சேர்க்கை சில நொடி வேலை. ஆண் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்ததும் பெட்டையைத் தூக்கிவிடுவேன். இரவு முழுக்க ஒன்றாக விடுவது கடிக்கு வழி. சினை பிடிக்காமலே 17 நாள் வாக்கில் ரோமத்தைப் பிடுங்கிக் கூடு கட்டிக்கொண்டு சீறும் பெட்டைகளும் உண்டு. அது பொய்ச் சினை. சில நாள் தொந்தரவு செய்யாமல் விட்டால் அடங்கிவிடும்.

இப்போது ஞாயிறு தோறும் எல்லா முயலையும் எடை போடுகிறேன். காதைப் பிடித்துத் தூக்குவதில்லை. பின்பக்கத்தைக் கையால் தாங்கியே எடுப்பேன். முயல் காலை உதறித் திமிறினால் அதன் முதுகெலும்பே முறியும். அப்புறம் அம்மா காட்டிய வழிதான்: பிடரியில் தொடங்கி முதுகு, இடுப்பு, வால் அடி, வயிறு, விரை, பாதம் என்று ரோமத்தை வகிடு பிரித்துத் தடவுவேன். எடை குறைந்திருந்தால் இரண்டாவது முறையும் தடவுவேன்.

அந்தச் சின்சில்லாவுக்குக் கட்டி ஒருமுறை திரும்ப வந்தது, மறுபடி கிழித்தோம். இப்போது ரோமம் மூடிவிட்டதால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. விரலுக்கு மட்டும் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். போன ஞாயிறும் தொட்டுப் பார்த்தேன், பெருக்கவில்லை.