முகாம் அண்ணனுக்குக் காப்பீட்டில் ஆபரேஷன்: அலைந்த கதை

பவானிசாகர் இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கும் அண்ணன் ஒருவருக்கு இடுப்பு வலி முற்றி, கால் மரத்துப்போய், ஒருவழியாகக் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் முடிந்தது. என்னோடு பெயிண்ட் வேலைக்கு வருபவர். 2006-ல் திருகோணமலைப் பக்கம் செல்லடியில் (பீரங்கிக் குண்டு வீச்சில்) காயப்பட்டு, அரிச்சல்முனையில் இறங்கி, மண்டபம் வழியாக இங்கே வந்தவர்.

முகாம்காரர்களுக்கும் முதலமைச்சர் மருத்துவக் காப்பீடு உண்டு என்று தெரிந்துதான் பதிவு செய்யப் போனோம். கவுன்டரில் இருந்தவருக்குத்தான் அது தெரியவில்லை.

"வருமானம் 1,20,000-க்குள்ளன்னு வி.ஏ.ஓ. சான்று வேணும்" என்றார். முகாமில் இருப்பவர்களுக்கு வருமான வரம்பே கிடையாதுங்க என்றேன். தலை நிமிரவில்லை. சரி என்று வி.ஏ.ஓ.விடம் போனால், "முகாம் கணக்கு எங்ககிட்ட இல்லைங்க, முகாம் ஆர்.ஐ.யைப் பாருங்க" என்றார். ஆர்.ஐ. என்றால் வருவாய் ஆய்வாளர். அவர் சொன்னது நியாயம்தான். ஆர்.ஐ. முகாம் பதிவைப் பார்த்து, குடும்பத்தில் யார் யார் என்று கடிதம் கொடுத்தார். அதையும் கவுன்டர்காரர் ஓரமாகத் தள்ளினார்.

"விடுங்கோ தம்பி, கடன் வாங்கிப் பார்ப்பம்" என்றார் அண்ணன். எனக்குத்தான் விட மனசில்லை. அங்கேயே நின்று காப்பீட்டுத் திட்டத்தின் உதவி எண் 1800 425 3993-க்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டேன். முகாம்காரர்களுக்கு வருமான வரம்பு இல்லை என்று அந்தப் பெண் சொன்னது வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. அப்புறம் போட்டோ, கைரேகை எல்லாம் மளமளவென்று முடிந்தது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. முன் அனுமதியும் சிக்கலில்லாமல் வந்தது.

பெரிய கண்டம் ஸ்கேன் அறையில்தான். எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் கொடுத்த படிவத்தில் உடம்பில் உலோகம் உண்டா என்ற கேள்விக்கு அண்ணன் மகன் 'இல்லை' என்று டிக் அடித்திருந்தான். பிளேட், பேஸ்மேக்கர் மட்டும்தான் கேட்கிறார்கள் என்று நினைத்திருக்கிறான். "தொடையில அந்தச் செல்லடியில பாய்ஞ்ச குண்டுத் துண்டு இருக்கே அண்ணா?" என்றேன். டெக்னீஷியன் அப்படியே நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். தொடை எலும்பை ஒட்டி, மிளகு மாதிரி வெள்ளையாக இரண்டு புள்ளிகள். அந்தக் காந்தத்துக்குள் இரும்பு நகர்ந்தால் நரம்போ ரத்தக் குழாயோ கிழியலாமாம். டாக்டர் சி.டி. ஸ்கேனே போதும் என்று மாற்றிவிட்டார். யுத்தத்தில் அடிபட்டவரைக் கூட்டிப் போகிறவர்கள், யாரும் கேட்காவிட்டாலும் இதை முதலில் சொல்லிவிடுங்கள். பழைய காயம், ஆறிவிட்டது என்று அவர்களாகச் சொல்லவே மாட்டார்கள்.

இன்னொன்று. முகாமில் கணக்கெடுக்கும் நாளில் ஆள் இல்லையென்றால், அரசு மாதாமாதம் கொடுக்கும் உதவித் தொகையான பணக்கொடை நிற்கலாம். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் அது. அட்மிஷன் சீட்டின் நகலை அன்றைக்கே ஆர்.ஐ.யிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தோம், பிடித்தம் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் குண்டுத் துண்டு இருக்கும் இடத்தையும் எழுதி வாங்குங்கள். எங்களுக்குக் கேட்ட பிறகுதான் எழுதிக் கொடுத்தார்கள்.