யாரிடம் கேட்டோம், எங்கே கேட்டோம்

அடையாளத்தையும் சிறுபான்மையினரின் மனநலத்தையும் ஆய்வுக்களமாகக் கொண்டு உளவியல் பேராசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றியதில், ஓர் ஆய்வின் முடிவைப் புள்ளியியல் முறைகளைவிட அதிகமாகத் தீர்மானிப்பது யாரைத் தேடிச் சென்று கேட்டோம் என்பதுதான் என்ற எண்ணம் என்னுள் வலுப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறது.

இதனால்தான் புதிய ஆய்வு மாணவர்களுக்கு நான் முதலில் கற்பிப்பது அமெரிக்க உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கர் 1957இல் வெளியிட்ட ஆய்வாக இருக்கிறது. தன்பாலீர்ப்பு கொண்டவர்களைப் பற்றி அதற்கு முன் எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை, மனநலச் சிகிச்சைக்கு வந்தவர்களையோ சிறையில் இருந்தவர்களையோ மட்டும் பார்த்து, அந்த மக்கள் அனைவரும் நோயுற்றவர்கள் என்று முடிவு கட்டியவை. ஹூக்கர், சிகிச்சை எதிலும் இல்லாத தன்பாலீர்ப்பு ஆண்கள் 30 பேரையும், வயதிலும் கல்வியிலும் நுண்ணறிவிலும் அவர்களுக்கு இணையான எதிர்பாலீர்ப்பு ஆண்கள் 30 பேரையும் ரோர்ஷாக் (மைக்கறை வடிவங்களைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்பது) முதலிய உளவியல் சோதனைகளுக்கு உட்படுத்தி, யாருடையது எது என்று தெரிவிக்காமல் விடைகளைத் தேர்ந்த வல்லுநர்களிடம் கொடுத்தார். அவர்களால் இரு தரப்பினரையும் பிரித்தறிய முடியவில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்ப்பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை நீக்கியது 1973இல்தான். சான்று கிடைத்த பிறகும் இத்தனை ஆண்டுகள் ஆயின என்பதையும், வீதியில் இறங்கிப் போராடியவர்கள் இல்லாமல் அந்த மாற்றம் வந்திருக்காது என்பதையும் நான் மாணவர்களிடம் சேர்த்தே சொல்வேன்.

என் சொந்த ஆய்வுகளில் நான் மிகுதியாகப் போராடியது அட்டவணையின் கடைசியில் ‘பிறர்’ என்று எல்லோரையும் ஒன்றாக அடைக்கும் நெடுவரிசையோடு. பெரிய கணக்கெடுப்புகளில் சிறிய சமூகத்தவர் சிலரே இடம்பெறுவதால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல குழுக்களை ஒன்றாக்கி ஒரே சராசரியைக் கணக்கிடுவது வழக்கம். ஒரு குழுவில் மனச்சோர்வு மிக அதிகமாகவும் மற்றொன்றில் மிகக் குறைவாகவும் இருந்தால், கூட்டிய சராசரி பெரும்பான்மையினரின் அளவுக்கே வந்து நின்றுவிடும்; உதவி தேவைப்படுவோர் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுவார்கள். இதைத் தவிர்க்க, சிறிய குழுக்களிலிருந்து வேண்டுமென்றே அதிகம் பேரைச் சேர்த்துப் பின்னர் மக்கள்தொகையில் அவர்களின் உண்மையான பங்குக்கேற்ப எடையிட்டுச் சரிசெய்யும் முறை இருக்கிறது. அதற்குப் பணம் வேண்டும், அம்மக்களின் மொழி பேசும் களப்பணியாளர்கள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நம்பிக்கை வேண்டும். முன்பு வந்த ஆய்வாளர்கள் கேட்டுவிட்டுப் போனதோடு சரி, திரும்பி வரவே இல்லை என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கோபம் முழுக்க நியாயமானது.

கேட்கும் கேள்வியும் நடுநிலையானது அல்ல. பிறர் தன்னைக் கவனிக்கிறார்கள் என்ற எண்ணத்தை காரணமின்றிப் பிறரைச் சந்தேகிக்கும் ஐயநோயின் அறிகுறியாகக் கணக்கிடும் வினாத்தாளை, கடைக்குப் போனாலும் கண்காணிக்கப்படும் ஒருவரிடம் கொடுத்தால், அவர் தன் அன்றாட அனுபவத்தைத்தான் பதிலாக எழுதுவார். நாம் அதற்கு நோயின் மதிப்பெண் இடுவோம். ஒரு கருவி இரண்டு சமூகங்களிலும் ஒன்றையே அளக்கிறதா என்று சோதிக்காமல் மதிப்பெண்களை ஒப்பிடுவதை நான் ஆய்வு என்று ஏற்பதில்லை.

அமெரிக்க ஆய்வாளர் இலான் மெயர் 1995லும் பின்னர் 2003லும் எழுதிய சிறுபான்மை மன அழுத்தக் கோட்பாடு, காரணத்தை எங்கே தேடவேண்டும் என்பதையே மாற்றியது. பாகுபாடு, வன்முறை ஆகியவை வெளியிலிருந்து வருகின்றன. நிராகரிப்பை எதிர்பார்த்தே வாழ்வது, தன்னை மறைத்துக்கொள்வது, பிறரின் வெறுப்பைத் தன்மீதே திருப்பிக்கொள்வது ஆகியவை அவற்றின் விளைவாக உள்ளே வேர்விடுகின்றன. இதற்கு வலுவான சான்று மார்க் ஹட்சென்பியூலரும் சக ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்டது. தன்பாலினத் திருமணத்தைத் தடைசெய்து அரசமைப்புத் திருத்தம் கொண்டுவந்த அமெரிக்க மாநிலங்களில், தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு கொண்டவர்களிடையே மனநிலைக் கோளாறுகள் 36.6 சதவீதம் உயர்ந்திருந்தன. அத்தகைய திருத்தம் வராத மாநிலங்களில் அவ்வாறு உயரவில்லை. ஒரு சட்டத்தின் விளைவைத் தனிமனிதரின் பலவீனமாக எழுதிவைக்க இதற்குப் பின் யாருக்கும் உரிமையில்லை என்றே நான் கருதுகிறேன்.

அடையாளம் காயத்தை மட்டுமே தருவதில்லை. பாகுபாட்டை உணர்வது நலத்தைக் குலைத்தாலும், அதே உணர்வு தம் குழுவோடு நெருங்கச் செய்து பாதிப்பில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளவும் உதவுகிறது என்று நைலா பிரான்ஸ்கோம்பும் சகாக்களும் 1999இல் ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடையே கண்டனர். என் நேர்காணல்களிலும் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

தனித்தனியாகக் காட்டப் பாடுபட்ட அதே எண்களைச் சில வேளைகளில் நானே மறைக்கவும் வேண்டியிருக்கிறது. சிறிய சமூகத்தில் வயது, தொழில், வசிப்பிடம் மூன்றையும் சேர்த்து அச்சிட்டால், பெயர் இல்லாமலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஆகவே கட்டுரையை அனுப்புவதற்கு முன், அந்தச் சமூகத்தைச் சேர்ந்த சிலரோடு அமர்ந்து அட்டவணைகளை வரிவரியாகப் பார்ப்பதை என் ஆய்வுக்கூடத்தின் நடைமுறையாக்கினேன். பாதிப்பில்லாதது என்று நாங்கள் நினைத்த விவரங்களை நீக்கச் சொன்னார்கள். நாங்கள் தயங்கி ஒதுக்கியிருந்த தற்கொலை முயற்சிகள் பற்றிய பகுதியைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்றார்கள்.