காயலான் கடையிலிருந்து விண்ணுலகம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பராபூ என்னும் ஊருக்குத் தெற்கே, 12-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் ஃபாரெவர்ட்ரான் என்ற இரும்புச் சிற்பத்தைப் பார்க்கச் சென்றபோது, வழி தவறிப் பெரிய காயலான் கடைக்குள் நுழைந்துவிட்டோமோ என்றுதான் முதலில் தோன்றியது. அந்த எண்ணத்தை முற்றிலும் தவறென்றும் சொல்ல முடியாது. அதைச் செய்த டாம் எவ்ரி, பழைய தொழிற்கூடங்களைப் பிரித்துக் கிடைத்த உலோகத்தை விற்றே நெடுங்காலம் வாழ்ந்தவர்.

அத்தொழிலிலிருந்து விலகிய பின், 1983-இல் அவர் ‘டாக்டர் எவர்மோர்’ என்ற விக்டோரியா காலத்துக் கற்பனை விஞ்ஞானியின் பெயரைத் தாமே சூட்டிக்கொண்டு, செம்பு முட்டைக்குள் வைத்த கண்ணாடி உருண்டையில் அமர்ந்து, மின்னலின் விசையால் விண்ணுலகம் ஏகுவதற்கான எந்திரமாக இதைக் கட்டத் தொடங்கினார். எடை ஏறத்தாழ 300 டன். உயரம் 50 அடி. அகலம் 120 அடி. விக்டோரியா அரசியார் அமர்ந்து அந்தப் புறப்பாட்டைக் காண ஒரு மண்டபமும், நம்பாதவர்கள் உற்றுப் பார்த்து உறுதிசெய்துகொள்ள ஒரு தொலைநோக்கியும் அமைத்திருக்கிறார். நம்பாதவர்களுக்கும் இடம் ஒதுக்கிய அந்தக் குறும்பு எனக்கு மிகவும் பிடித்தது.

பழைய இரும்பில் செய்த சிற்பங்கள் பலவற்றில், யானையோ சிங்கமோ தெரிந்தவுடன் பல்சக்கரமும் சங்கிலியும் கண்ணிலிருந்து மறைந்துவிடும். இங்கே அப்படி நேர்வதில்லை. எவ்ரி தமக்குக் கிடைத்த பாகங்களை இயன்றவரை வெட்டாமலும் வளைக்காமலும் பொருத்தியதால், எடிசன் காலத்து டைனமோ டைனமோவாகவே நிற்கிறது; அதற்கு வேலைதான் மாறியிருக்கிறது. அப்பல்லோ விண்வெளித் திட்டத்தில் பயன்பட்ட தூய்மையாக்கும் அறை ஒன்றும் இதில் சேர்ந்திருப்பதாகச் சொல்கிறார்கள். விண்ணுக்குப் போகும் எந்திரத்துக்கு அதைவிடப் பொருத்தமான பழைய சாமான் கிடைப்பது அரிது.

சாலைக்கு எதிர்ப்புறம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எழுந்த பேட்ஜர் வெடிமருந்து ஆலை இருந்தது. அதன் கட்டடங்களில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டுவிட்டன. எவ்ரியும் 2020-இல் காலமானார்.

நான் அதிக நேரம் நின்றது பெரிய எந்திரத்தின் முன்னால் அல்ல, அங்கேயே எவ்ரி செய்து நிறுத்தியிருக்கும் பறவை இசைக்குழுவின் நடுவில். பழைய இசைக்கருவிகளை உடலாகக் கொண்ட அந்த நெட்டைக் கால் பறவைகளில் ஒன்றின் பித்தளை வயிற்றைத் தட்டிப் பார்க்கக் கை பரபரத்தது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன்.